சென்னையா, கொழும்பா? உளவளத்துணை முதுகலைக்கு நான் போட்ட கணக்கு

2023இல் என் மேசையில் இரண்டு அனுமதிக் கடிதங்கள் கிடந்தன. ஒன்று சென்னையிலிருந்து: ஆலோசனை உளவியலில் இரண்டு வருட முழுநேர முதுகலை. மற்றது கொழும்பிலிருந்து: சனி, ஞாயிறு மட்டும் நடக்கும் உளவளத்துணை, அதாவது கவுன்சிலிங், முதுகலை. மூன்றாவதாக, வீட்டிலிருந்தபடியே படிக்கும் தொலைக்கல்வி வழியும் இருந்தது. நான் கொழும்பைத் தெரிந்தெடுத்தேன். படிப்பு முடிந்ததிலிருந்து, யாழ்ப்பாணத்தில் இதே துறையில் இருக்கும் தங்கைமாரும் தம்பிமாரும் "அக்கா, எதுக்குப் போறது?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

எல்லாருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுகிறேன். வெளிநாட்டுப் பட்டம் என்றால், இலங்கைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அந்தப் பல்கலைக்கழகத்தை ஏற்கிறதா என்று காசு கட்ட முதல் விசாரியுங்கள். இரண்டு இடத்திலும் ஆங்கிலத்தில் வாசித்து எழுத வேண்டும். செலவைப் பார்த்தால், 2022இல் எங்கள் ரூபா சரிந்த பிறகு இந்திய ரூபா எங்களுக்கு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விலையாகிவிட்டது. விடுதி, சாப்பாடு, விமானம் எல்லாம் சேர்த்தால் சென்னைதான் கூட. இன்னொன்று, மருத்துவமனையில் சிகிச்சை உளவியலாளராக வேலை செய்வதுதான் உங்கள் விருப்பம் என்றால் இந்த இரண்டுமே உங்களுக்குரிய பாதை இல்லை. அதற்குக் கொழும்பு மருத்துவ பீடத்தின் எம்.பில். போன்ற வேறு வழி இருக்கிறது.

இலங்கையில் உளவளத்துணையாளருக்கு உரிமம் கொடுக்கும் சட்டம் இன்னும் இல்லை. மருத்துவர் போல, தாதி போல, பதிவு செய்தால்தான் வேலை செய்யலாம் என்ற நிலை கிடையாது. 2004 சுனாமிக்குப் பிறகும் 2009இல் யுத்தம் முடிந்த பிறகும் இரண்டு வாரப் பயிற்சியோடு எத்தனையோ பேர் மக்களின் முன்னால் போய் உட்கார்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒரு நிறுவனம் பத்து நாள் பயிற்சி தந்து, சான்றிதழும் தந்து, வன்னிக்கு அனுப்பியது. முதல் நாளே ஒரு தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, பயிற்சியில் சொல்லித்தந்த மூச்சுப் பயிற்சியைச் செய்யச் சொன்னேன். அவரும் எனக்காகச் செய்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் மனம் சுடுகிறது.

ஆனால் யாழ்ப்பாணத்தில் ஒன்றுமே இல்லை என்று யாரும் நினைக்கக்கூடாது. சாந்திகம் போன்ற அமைப்புகள் யுத்த காலத்திலேயே இங்கே உளவளத்துணையாளரைப் பயிற்றின. மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் குண்டு விழுந்துகொண்டிருந்த காலத்திலும் இங்கே நின்று, போர் மனங்களையும் குடும்பங்களையும் என்ன செய்கிறது என்று எழுதினார்கள், கற்பித்தார்கள். 'உளவளத்துணை' என்ற சொல்லும், துணை தேடி வருபவரைத் 'துணைநாடி' என்று அழைக்கும் வழக்கமும் எங்களுடையவை. இங்கே ஒரு டிப்ளோமாவை முடிக்காமல் நேரே முதுகலைக்குப் போகவேண்டாம் என்றுதான் கேட்பவர்களிடம் சொல்கிறேன். ஆட்களோடு பேசிப் பழகிய பிறகு கோட்பாட்டைப் படித்தால் அது நன்றாக ஒட்டும்.

சரி, முதுகலைக்கு வருவோம். நான் எல்லாவற்றையும் ஒரே விடயத்தை வைத்துத்தான் எடைபோட்டேன்: மேற்பார்வை. நீங்கள் துணைநாடியோடு பேசியதை மூத்தவர் யார் கேட்டுத் திருத்தப் போகிறார்கள், எந்த மொழியில் கேட்கப் போகிறார்கள் என்பது. பாடத்திட்டம், பேராசிரியர்களின் பெயர், கட்டடம் எல்லாம் எனக்கு அதற்குப் பிறகுதான்.

இது ஏன் இவ்வளவு பெரிய விடயம் என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற உளவளத்துணை முதுகலை ஒன்றில் மாணவர் 100 மணிநேரம் ஆரம்பச் செய்முறையும் அதற்குமேல் 600 மணிநேரம் உள்ளகப் பயிற்சியும் செய்ய வேண்டும். அந்த 600இல் 240 மணிநேரமாவது துணைநாடியோடு நேருக்கு நேர் இருந்திருக்க வேண்டும். பிரித்தானிய உளவளத்துணைச் சங்கத்தில் தனிநபர் அங்கீகாரம் கேட்டால் மேற்பார்வையோடு செய்த 450 மணிநேரத்தைக் காட்ட வேண்டும். பட்டங்களை நிலை நிலையாக வகுக்கும் எங்கள் இலங்கைத் தகைமைச் சட்டகத்திலோ, ஒன்பதாம் நிலை முதுகலை 30 கிரெடிட்டோடு முடிந்துவிடும். அதற்குள் ஒரு துணைநாடியையேனும் சந்திக்க வேண்டும் என்று அந்தச் சட்டகம் கேட்பதில்லை. பாடநெறியை வகுத்தவர் வைத்திருந்தால் உண்டு. அதனால் விண்ணப்பப் படிவத்தை நிரப்ப முதல், எத்தனை மணிநேரம், யார் மேற்பார்வை, வாரத்துக்கு எத்தனை தடவை என்று எழுத்தில் கேளுங்கள். நான் கேட்ட ஒரு இடத்தில் பதிலே வரவில்லை. அந்த இடத்தை அன்றைக்கே விட்டுவிட்டேன்.

தொலைக்கல்வி எனக்கு இதனால்தான் சரிவரவில்லை. என்னோடு வேலை செய்த ஒரு தம்பி இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் உளவியல் முதுகலையைச் செய்தார். முதல் வருடம் பொதுப் பாடம், இரண்டாம் வருடத்தில் ஆலோசனை உளவியலைச் சிறப்பாக எடுத்தார். பாடப் புத்தகங்கள் அருமையானவை, நானும் இரவல் வாங்கி வாசித்தேன். ஆனால் அவர் பேசுவதைக் கேட்டுத் திருத்த ஒரு ஆள் இருக்கவில்லை. இப்போது இந்த வழியைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை. 2025 ஜூலை–ஓகஸ்ட் பருவத்திலிருந்து உளவியலைத் தொலைக்கல்வியில் கற்பிக்கக்கூடாது என்று இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு நிறுத்திவிட்டது.

சென்னை அப்படியல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆலோசனை உளவியலுக்கென்றே தனித் துறை இருக்கிறது. எழும்பூரில் உள்ள சமூகப்பணிக் கல்லூரியிலும் இந்த முதுகலை இருக்கிறது. என் தோழி ஒருத்தி சென்னையில்தான் படித்தாள். தினமும் வகுப்பு, வாரத்தில் இரண்டு நாள் களம், ஒவ்வொரு வாரமும் மேற்பார்வை. பாடசாலை, மதுப் பழக்க மறுவாழ்வு நிலையம், மருத்துவமனை என்று மூன்று இடங்களில் பயிற்சி எடுத்தாள். இரண்டு வருடத்தில் அவள் கண்ட விதவிதமான பிரச்சினைகளை நான் இங்கே ஆறு வருடத்திலும் காணவில்லை. படிக்க மட்டுமே நேரம் ஒதுக்கி வாழ்வது பெரிய கொடுப்பினை. அதில் எனக்கு இன்றைக்கும் ஏக்கம் உண்டு.

'ஏக்கம்' என்று எழுதினேன் அல்லவா? அந்தச் சொல்லில்தான் அவள் முதல் தடவை இடறினாள். வகுப்பில் நடிப்புப் பயிற்சி. அவள் துணைநாடியாக உட்கார்ந்து, ஷெல் விழுந்த இரவைப் பற்றி, "நான் ஏங்கிப் போனன்" என்று சொல்லியிருக்கிறாள். மேற்பார்வையாளர் மிகுந்த கனிவோடு, "யாருக்காக ஏங்கினீங்க?" என்று கேட்டிருக்கிறார். எங்கள் ஊரில் ஏங்கிப் போவது என்றால் பயத்தில் உறைந்து போவது. அங்கே ஒருவரை நினைத்து உருகுவது. இரண்டு பேரும் தமிழ்தான் பேசினார்கள். அவர் நல்ல ஆசிரியர், விளங்கப்படுத்தியதும் குறித்துக்கொண்டாராம். ஆனால் விளங்கப்படுத்தத் தெரிந்த மாணவி அவள். அவளுக்கே தெரியாமல் நழுவிய சொற்களை யார் பிடித்திருப்பார்கள்? தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கும் எங்கள் ஆட்களோடு பயிற்சி எடுக்கவும் முயன்றாள். அனுமதி கிடைக்க முன்பே பருவம் முடிந்துவிட்டது.

கொழும்பில் படிப்பு சுகமாக இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை இரவு பஸ், ஏறத்தாழ 400 கிலோமீற்றர். விடியப்புறம் வெள்ளவத்தையில் இறங்கி, தெரிந்தவர் வீட்டில் முகம் கழுவிக்கொண்டு ஒன்பது மணிக்கு வகுப்பு. ஞாயிறு இரவு திரும்ப பஸ், திங்கள் காலை வேலை. மத்தியான வகுப்பில் கண் சொருகும். இரண்டு வருடத்தில் நான் சரியாகக் கேட்காமல் விட்ட விரிவுரைகள் நிறைய. கோட்பாட்டில் சென்னைத் தோழி என்னைவிட ஒரு படி மேல், அதை ஒத்துக்கொள்கிறேன். பகலில் யாழ்தேவி ரயிலில் போகலாமே என்பார்கள். வெள்ளிக்கிழமைகளில் எனக்கு லீவு கிடைக்கவில்லை.

ஆனாலும் அந்தப் பாடநெறியில் செய்முறையைச் சொந்த மாவட்டத்தில், சொந்த மொழியில் செய்ய விட்டார்கள். எனக்கு அது போதும். கொழும்பில் ஒரு விரிவுரையாளருக்கு ஆங்கிலத்தில் அறிக்கை கொடுக்க வேண்டும். அதோடு யாழ்ப்பாணத்தில் ஒரு மூத்த உளவளத்துணையாளரை நானே தேடிப் பிடித்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியை, எல்லாருக்கும் ரீச்சர். ஒவ்வொரு வியாழனும் பின்னேரம் மூன்றரைக்கு அவர் வீட்டு விறாந்தையில் மேற்பார்வை. துணைநாடியின் சம்மதத்தோடு, பேசியதைச் சொல்லுக்குச் சொல் எழுதிக்கொண்டு போக வேண்டும். சுருக்கம் எழுதினால் வாசிக்கமாட்டார்.

அங்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விபரங்களை மாற்றியிருக்கிறேன். கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த ஒரு தாய். மகன் 2009இல் காணாமல் போனவர். ஏழு சந்திப்புகளாக மகனைப் பற்றிப் பேசினார். "தம்பிக்கு ராசவள்ளிக் கிழங்கு எண்டால் உயிர். சட்டியை வழிச்சு வழிச்சுச் சாப்பிடுவான்." எட்டாவது சந்திப்பில், பேச்சோடு பேச்சாக, "அவன் நல்ல கெட்டிக்காரனா இருந்தவன்" என்றார். நான் உடனே, "அப்பிடிச் சொல்லாதேங்கோ அம்மா, நம்பிக்கையா இருங்கோ" என்றேன். அதே சந்திப்பை ஆங்கில அறிக்கையில் எழுதியபோது, அறிக்கை வழக்கப்படி எல்லாமே இறந்த காலத்தில் போயிற்று. கொழும்பு விரிவுரையாளர் நல்ல மதிப்பெண் தந்தார்.

ரீச்சர் என் தமிழ்க் குறிப்பை வாசித்துக்கொண்டு வந்தவர் அந்த இடத்தில் விரலை வைத்தார். "ஏழு கிழமையா 'சாப்பிடுவான்', 'சிரிப்பான்' எண்டு கதைச்ச மனுசி, இண்டைக்குத்தான் முதல் தரம் 'இருந்தவன்' எண்டிருக்கிறா. நீர் என்ன செய்தனீர்? உடனே கதவைச் சாத்திப் போட்டீர்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பயந்தது அவவோ, நீரோ?" என்று கேட்டார்.

பயந்தது நான்தான்.

அடுத்த சந்திப்பில் நான் வாயைத் திறக்கவில்லை. காத்திருந்தேன். அந்தத் தாய் அன்றைக்குக் கேட்டார்: "நான் அந்தியேட்டி செய்தால், அவனை நானே சாகடிச்ச மாதிரி எல்லோ?" அந்தியேட்டி என்றால் இறந்தவருக்குச் செய்யும் கிரியை. இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, பதில் சொல்லவும் கூடாது. அதோடு அவர் பக்கத்தில் இருக்கத்தான் வேண்டும். கொழும்பு வகுப்பு எனக்குக் கைகொடுத்ததும் இங்கேதான். அமெரிக்க ஆய்வாளர் பவுலின் பாஸ் 1970களில், வியட்நாம் போரில் காணாமல் போன படையினரின் குடும்பங்களோடு வேலை செய்து, தெளிவற்ற இழப்பு என்று ஒன்றைப் பிரித்துக் காட்டினார். உடல் கிடைக்காத இழப்பில் துக்கம் முடிவுக்கு வராது, முடித்து வைக்க அவசரப்படுவதும் பிழை என்பது அதன் சாரம். விரிவுரையில் கேட்டபோது அது எனக்கு வெறும் பாடம். ரீச்சரின் விறாந்தையில்தான் அது என் கைக்கு வந்தது. நான் சென்னைக்குப் போயிருந்தால் பாஸின் பெயர் எனக்குத் தெரிந்திருக்கும். 'இருந்தவன்' என்ற சொல்லில் யார் விரலை வைத்திருப்பார்கள்?

யாழ்ப்பாணத்தில் மேற்பார்வை பெறுவதில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. இது சின்ன ஊர். பெயரையும் கிராமத்தையும் மாற்றி எழுதினாலும் சொந்தம், கோயில், பள்ளிக்கூடம் என்று ஏதாவது ஒரு நூலில் ஆள் பிடிபட்டுவிடும். ஒருமுறை நான் இரண்டாம் பக்கத்தை வாசிக்கும்போது ரீச்சர் கையைக் காட்டி நிறுத்தினார். "எனக்கு ஆளைத் தெரியுது. இதை என்னட்டைக் கொண்டு வராதையும்." அந்த ஒரு துணைநாடிக்காக மட்டக்களப்பில் இருக்கும் வேறொருவரோடு இணையத்தில் மேற்பார்வை செய்தேன். சென்னை போன்ற பெரிய நகரத்தில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. அதோடு ரீச்சர் மாதிரி ஒருவரைப் பல்கலைக்கழகம் உங்களுக்குத் தேடித் தராது. நீங்களே கேட்டு அலைய வேண்டும், அவருக்குரிய கொடுப்பனவையும் நீங்களே கொடுக்க வேண்டும். அப்படி ஒருவர் கிடைக்கவில்லை என்றால் என் கணக்கு தலைகீழ். மேற்பார்வை இல்லாத கொழும்பைவிட மேற்பார்வையுள்ள சென்னை எவ்வளவோ மேல்.

வேலை வாய்ப்பில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பிரதேச செயலகங்களில் இருக்கும் உளவளத்துணைப் பதவிகளுக்கோ, தொண்டு நிறுவனங்களுக்கோ விண்ணப்பிக்கும்போது என் தோழியிடமும் என்னிடமும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்டார்கள். வெளிநாடு போகும் எண்ணம் உள்ளவர்களுக்கு இது மாறலாம். செய்முறை மணிநேரங்களைக் கையொப்பத்தோடு பதிந்து வைத்திருப்பவருக்கு அங்கே வழி கொஞ்சம் இலகு. எந்த ஊரில் படித்தாலும் அந்தப் பதிவேட்டை முதல் நாளிலிருந்தே எழுதுங்கள். நான் மூன்றாம் மாதம்தான் தொடங்கினேன், முதல் இரண்டு மாத மணிநேரம் வீணாகப் போயிற்று.

நான் இதுவரை சொன்னதெல்லாம் வளர்ந்தவர்களோடு, அதுவும் பெரும்பாலும் பெண்களோடு வேலை செய்த அனுபவத்திலிருந்து. பிள்ளைகளோடு விளையாட்டு வழியாகவும் படம் வரைவது வழியாகவும் வேலை செய்வது தனி வித்தை. எங்கள் வகுப்பில் அதற்கு இரண்டு வார இறுதிகள்தான் ஒதுக்கினார்கள். தோழி சென்னைப் பாடசாலை ஒன்றில் ஒரு பருவம் முழுக்க அதையே செய்தாள். இப்போது அவள் திரும்பி வந்து தென்மராட்சியில் வேலை செய்கிறாள். பிள்ளைகள் பக்கம் போக நினைத்து என்னைக் கேட்டு வருபவர்களை நான் அவளிடம்தான் அனுப்புகிறேன். அவர்களில் ஒருத்தி இந்த வருடம் சென்னைக்கு விண்ணப்பித்திருக்கிறாள்.