பெரிய மரப் பெட்டி ஸ்பீக்கர்: மூடியதா, போர்ட் வைத்ததா, ஹார்னா, வெறும் பலகையா?

கடைக்கு வரும் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் ஒல்லியாகவே இருக்கின்றன. பெட்டி பெரிதானால் ஏற்றி இறக்கும் செலவு கூடும், வாங்குகிறவர் வீட்டில் இடமும் வேண்டும். வீட்டில் தானே செய்துகொள்கிறவருக்கு இந்தத் தொல்லை கிடையாது. இடுப்பளவு உயரம், 12 அல்லது 15 அங்குல டிரைவர் (பெட்டியில் பொருத்தும், ஒலி எழுப்பும் வட்டக் கருவி) என்று தாராளமாகப் போகலாம். அதனால் எந்தப் பெட்டி நல்லது என்று பொதுவாகக் கேட்பதைவிட, கையில் இருக்கும் இந்த இடத்தை எந்த வகைப் பெட்டி உருப்படியாகப் பயன்படுத்துகிறது என்று கேட்பதுதான் சரி. இந்த அலசல் அந்தக் கேள்வியை வைத்துத்தான்.

இதன் அடிப்படையை ஹாஃப்மன் விதி என்பார்கள். ஆழமான பாஸ் (தாழ்ந்த ஒலி), சின்னப் பெட்டி, குறைந்த வாட்டில் அதிக சத்தம் ஆகிய மூன்றில் இரண்டுதான் ஒரே நேரத்தில் கிடைக்கும். பெட்டி பெரிதாக இருக்கட்டும் என்று முடிவெடுத்துவிட்டால் மற்ற இரண்டையும் கேட்கலாம். ஆனால் எல்லா வகைப் பெட்டியும் அந்த இரண்டையும் தருவதில்லை.

முதலில் மூடிய பெட்டி, அதாவது சீல்டு பாக்ஸ். எட்கர் வில்ச்சர் 1954-இல் கொண்டுவந்த ஏஆர்-1 ஸ்பீக்கர் இதில் ஒரு திருப்புமுனை. உள்ளே அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காக வைத்து, சின்னப் பெட்டியில் ஆழமான பாஸ் வரவழைத்தார். இந்த வகையின் பலமே பெட்டியைச் சின்னதாக்குவதுதான். அதையே பெரிதாக்கினால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எஃப்எஸ் (டிரைவர் தானாக ஆடும் அதிர்வெண்) 25 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் (அந்த ஆட்டம் எவ்வளவு அடங்கும் என்று காட்டும் எண்) 0.4, விஏஎஸ் (டிரைவரின் இழுவைக்குச் சமமான காற்றின் அளவு) 150 லிட்டர் உள்ள ஒரு 12 அங்குல டிரைவரை எடுத்துக்கொள்வோம். 75 லிட்டர் மூடிய பெட்டியில் பாஸ் 3 டெசிபல் இறங்கும் இடம் ஏறக்குறைய 44 ஹெர்ட்ஸ்; இந்த எண் குறையக் குறைய பாஸ் ஆழமாகும். 150 லிட்டரில் 46, 300 லிட்டரில் 49! பெட்டியை நாலு மடங்கு பெருக்கியும் அந்த இடம் கீழே வராமல் மேலே போகிறது. 20 ஹெர்ட்ஸ் பக்கம் சுமார் 3 டெசிபல் கூடுதலாகக் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்த 3 டெசிபலுக்காக இவ்வளவு பலகை செலவழிக்க எனக்கு மனம் வராது.

மூடிய பெட்டிக்கென்று வேறு குணங்கள் இருக்கின்றன. அதன் பாஸ் ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு தடவைக்கும்) 12 டெசிபல் என்று மெதுவாக இறங்கும். அறை சின்னதாக இருந்தால் அடிமட்ட அதிர்வெண்களை அறையே கொஞ்சம் தூக்கிவிடும், இரண்டும் சேரும்போது நன்றாக ஒத்துப்போகும். அளவில் இருபது சதவீதம் தப்பினாலும் பெரிய கெடுதல் இல்லை. முதல் தடவை ரம்பம் பிடிக்கிறவருக்கு இது பெரிய ஆறுதல். அதனால் மூடிய பெட்டிதான் வேண்டும் என்றால் 70, 80 லிட்டரோடு நிறுத்திக்கொண்டு, மிச்சப் பலகையில் இன்னொரு ஜோடி செய்யுங்கள்.

இப்போது அதே டிரைவரை போர்ட் வைத்த, அதாவது காற்றுக் குழாய் பொருத்திய பெட்டிக்கு மாற்றுவோம். 140 லிட்டர் பக்கம் கொள்ளளவு, 25 ஹெர்ட்ஸ் ட்யூனிங் (குழாய்க் காற்று ஆடும் அதிர்வெண்). 3 டெசிபல் இறக்கம் ஏறக்குறைய 25 ஹெர்ட்ஸுக்கே வந்துவிடுகிறது. மூடிய பெட்டியோடு பார்த்தால் முக்கால் ஆக்டேவுக்கும் மேல் ஆழம். பெரிய பெட்டி செய்கிறவருக்கு நான் முதலில் இதைச் சொல்வது இதனால்தான்.

வேலை செய்யும் விதம் காலி பாட்டில் வாயில் ஊதினால் எழும் ஒலி போலத்தான். போர்ட் குழாயில் உள்ள காற்று எடை, பெட்டிக்குள் இருக்கும் காற்று ஸ்பிரிங். இரண்டும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஆடும். அந்த இடத்தில் ஒலியின் பெரும்பகுதியைப் போர்ட்டே தருகிறது, டிரைவரின் கூம்பு வடிவத் தாளான கோன் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கிறது. கோன் அசைவு குறைந்தால் டிஸ்டார்ஷனும், அதாவது ஒலிச் சிதைவும் குறையும். ஆல்பர்ட் தூரஸ் பெல் லேப்ஸில் இருந்தபோது கண்டுபிடித்து 1932-இல் காப்புரிமை பெற்ற யோசனை இது. ஆனால் ரொம்ப காலம் இதைக் குத்துமதிப்பாகத்தான் செய்துகொண்டிருந்தார்கள். 1961-இல் ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் கணக்கை ஒழுங்குபடுத்தினார், 1970-களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரித்தார். இன்று டிரைவரோடு வரும் தாளில் இருக்கும் எண்களைத் தீல்-ஸ்மால் அளவுகள் என்று சொல்வது இதனால்தான்.

போர்ட் பெட்டியிலும் பெரிய பெட்டிக்குத் தனி லாபம் உண்டு. மேலே சொன்ன 140 லிட்டருக்கு 10 செ.மீ. விட்டமுள்ள குழாய் வைத்தால் நீளம் 20 செ.மீ. போதும். ஆனால் சத்தம் ஏற்றும்போது அந்தக் குறுகிய வாயில் காற்று வேகமாகப் போய்வந்து புஸ் புஸ் என்று கேட்கும். 15 செ.மீ. விட்டத்துக்குப் போனால் அது அடங்கும், ஆனால் குழாய் அரை மீட்டர் நீள வேண்டும். சின்னப் பெட்டிக்குள் அரை மீட்டர் குழாயை எங்கே வைப்பது? இடுப்புயரப் பெட்டியில் தாராளமாக வைக்கலாம்.

குறைகளையும் மறைக்கக்கூடாது. ட்யூனிங்குக்குக் கீழே வரும் ஒலிக்கு உள்காற்றின் பிடிமானம் போய்விடும், கோன் கண்டபடி உதறும். இசைத்தட்டு கேட்கிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். வளைந்த தட்டு தரும் மிகத் தாழ்ந்த அசைவு அப்படியே கோனுக்குப் போகும். ட்யூனிங்குக்குக் கீழே உள்ள ஒலியைத் தடுக்கும் ஒரு ஹை-பாஸ் ஃபில்டர் போட்டால் பிரச்சினை தீரும். இறக்கமும் ஆக்டேவுக்கு 24 டெசிபல் என்று செங்குத்தாக இருக்கும். க்யூடிஎஸ் 0.5-க்கு மேல் போகும் டிரைவருக்கு போர்ட் வைத்தால் பாஸ் குமிழியாக வீங்கி இழுபடும். அதற்கு மூடிய பெட்டியே மரியாதை.

ட்ரான்ஸ்மிஷன் லைன் பற்றிச் சுருக்கமாக. டிரைவரின் பின்பக்க ஒலியை நீண்ட சுரங்கம் வழியாக விடுவது. 1965-இல் ஆர்தர் பெய்லி எழுதிய கட்டுரைக்குப் பிறகு பரவலானது. 30 ஹெர்ட்ஸின் கால் அலைநீளம் ஏறக்குறைய 2.9 மீட்டர், அதைப் பெட்டிக்குள் மூன்று நாலு மடிப்பாக மடிக்க வேண்டும். நல்ல பாஸ்தான். ஆனால் கிடைக்கும் ஆழம் போர்ட் பெட்டியின் பக்கத்தில்தான் நிற்கிறது, பலகையும் வெட்டு வேலையும் ரொம்பக் கூடுகின்றன. உள்ளே திணிக்கும் பஞ்சை ஏற்றிக் குறைத்துக் காதாலேயே சரிசெய்வதில் ஆசை உள்ளவர்களுக்கு இது பிடிக்கும்.

ஹார்ன்தான் இந்த வரிசையில் என் மனதுக்கு மிக நெருக்கமானது. சாதாரணமாக ஒரு டிரைவர் தனக்கு வரும் மின்சாரத்தில் ஒரு சதவீதம் அளவுக்குத்தான் ஒலியாக மாற்றுகிறது, மற்றதெல்லாம் சூடு. டிரைவருக்கு முன்னால் மெல்ல மெல்ல விரியும் ஹார்னை வைத்தால் கோனுக்கு வெளிக்காற்றோடு நல்ல பிடி கிடைக்கிறது. ஒரு வாட்டில் 90 டெசிபல் தந்த இடத்தில் 100 டெசிபலைத் தாண்டினால், அதே சத்தத்துக்குப் பத்தில் ஒரு பங்கு வாட் போதும். சில வாட் மட்டுமே தரும் வால்வ் ஆம்ப் வைத்திருப்பவர்கள் ஹார்னை விடாமல் பிடித்திருப்பது இதனால்தான். மேளம் அடித்த மாத்திரத்தில் ஒலி முன்னால் வந்து நிற்கும். மற்ற எந்தப் பெட்டியிலும் எனக்கு அது அப்படியே கிடைத்ததில்லை.

விலை என்னவென்றால் அளவு. 40 ஹெர்ட்ஸ் வரை சரியாக வேலை செய்யும் ஹார்னுக்கு வாயின் சுற்றளவு ஒரு அலைநீளம் இருக்க வேண்டும், அதாவது சுமார் 8.6 மீட்டர். திறந்தவெளியில் அது 2.7 மீட்டர் விட்டமுள்ள வாய்! அறையின் மூலையில் வைத்தால் தரையும் இரண்டு சுவர்களும் ஹார்னின் தொடர்ச்சியாகிவிடும், எட்டில் ஒரு பங்கு பரப்பு போதும். பால் கிளிப்ஷ் 1940-களில் செய்த மூலை ஹார்னின் சூட்சுமம் இதுதான். ஆக உங்கள் அறையில் சாமான் இல்லாத இரண்டு மூலைகள் இருக்க வேண்டும், கதவும் ஜன்னலும் குறுக்கே வரக்கூடாது. சாய்வு வெட்டுகள் நிறைய வரும், ஒரு பலகையில் வரும் பிசகு அடுத்ததற்கும் தொற்றும். ஒரு பெட்டியாவது செய்து கை பழகியவர்கள் மட்டும் இதில் இறங்கலாம்.

திறந்த பலகை, ஓப்பன் பாஃபிள், இதற்கு நேர் எதிர். பெட்டியே கிடையாது. ஒரு அகலப் பலகை, அதில் ஓட்டை, டிரைவர், தாங்கும் கால். ஒரு நாளில் முடியும். பெட்டியின் அடைப்பொலி இல்லாததால் குரல் அவ்வளவு இயல்பாக வரும். முன்னும் பின்னும் எதிரெதிர் ஒலி வருவதால் பக்கவாட்டில் அவை அடித்துக்கொண்டு மறைகின்றன, பக்கச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி குறைகிறது. அதே காரணத்தால்தான் பாஸும் கரைகிறது. பலகையின் அகலத்தைப் பொறுத்து ஒரு எல்லைக்குக் கீழே ஆக்டேவுக்கு 6 டெசிபல் இழப்பு. அதை ஈடுகட்ட க்யூடிஎஸ் 0.7 பக்கம் உள்ள பெரிய டிரைவர்கள் வேண்டும், ஒரு பக்கத்துக்கு இரண்டு 15 அங்குலம் போட்டாலும் தகும். பின்சுவரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். குரலும் வாத்தியமும் கேட்பவருக்கு நான் இதைத் தாராளமாகச் சொல்வேன், நெஞ்சில் இடிக்கும் பாஸ் தேடுகிறவருக்குச் சொல்லமாட்டேன்.

அப்புறம் மரம். எம்.டி.எஃப், அதாவது மரநாரை அழுத்திச் செய்த பலகை, வழவழப்பானது, பெயின்ட் அழகாகப் பிடிக்கும், வெட்டினால் விளிம்பு பிசிறாது. ஆனால் ஈரம் பட்டால் ஊதும், விளிம்பில் நேராகத் திருகு ஏற்றினால் பிளக்கும், அதன் தூள் நுரையீரலுக்குக் கெடுதல், முகமூடி இல்லாமல் தொடவே கூடாது. மற்ற மரத்தூளுக்கும் முகமூடி வேண்டும். பிர்ச் ப்ளைவுட் அதைவிட விறைப்பானது, திருகைப் பிடித்துக்கொள்ளும். எடையில் பெரிய வித்தியாசம் வராது. 18 மி.மீ. பலகையில் 140 லிட்டர் பெட்டி, டிரைவர் இல்லாமலே 25 கிலோ பக்கம் வந்துவிடும். எதை எடுத்தாலும் பெரிய பக்கப் பலகை முரசுத் தோல் மாதிரி அதிராமல் இருக்க உள்ளே குறுக்குச் சட்டங்கள் வேண்டும். பலகையின் நடுமத்தியில் போடாமல் சமமில்லாத பகுதிகளாகப் பிரித்துப் போடுங்கள், அப்போது எல்லாப் பகுதியும் ஒரே அதிர்வெண்ணில் ஆடாது. பிபிசி ஆய்வாளர்கள் வேறு வழியில் போனார்கள். மெல்லிய ப்ளைவுட்டுக்கு உள்பக்கம் தார் கலந்த கனமான படலம் ஒட்டி அதிர்வை அடக்கினார்கள். குரல் இருக்கும் நடு அதிர்வெண்களுக்கு அது அருமையான வழி, பெரிய பாஸ் பெட்டிக்கு நான் தடித்த பலகையும் சட்டமும்தான் எடுப்பேன்.

மூடியதா போர்ட்டா என்று இன்னும் மனம் ஊசலாடினால், போர்ட் கணக்குப்படி பெட்டியைச் செய்து, பின்பலகையை ஒட்டாமல் திருகும் நுரைப்பட்டையும் வைத்துக் காற்றுப் போகாமல் இறுக்குங்கள். போர்ட்டின் வாயை ஒரு மரக்கட்டையால் இறுக அடைத்தால் அதுவே மூடிய பெட்டி. இம்பீடன்ஸை, அதாவது ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் டிரைவர் மின்சாரத்துக்குக் காட்டும் தடையை, அளந்து பாருங்கள். அடைத்திருக்கும்போது ஒரு மேடு தெரியும், திறந்தால் இரண்டு மேடும் நடுவே ஒரு பள்ளமும் வரும். அந்தப் பள்ளம் இருக்கும் இடம்தான் பெட்டியின் உண்மையான ட்யூனிங். கணக்கோடு ஒத்துவராவிட்டால் குழாயைக் கொஞ்சம் நறுக்கியோ நீட்டியோ சரிசெய்யலாம். இரண்டு நிலையிலும் ஒரு வாரம் வீதம் பழக்கமான பாட்டுகளை அதே அறையில், அதே இடத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, அதன்பிறகு பின்பலகைக்குப் பசை போடுங்கள்.