மாலில் முதல் முறை விஆர்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

விஆர் என்றால் வர்ச்சுவல் ரியாலிட்டி: கண்ணை மூடும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நுழையும் மெய்நிகர் உலகம். மால்களில் ‘விஆர்’ என்ற ஒரே போர்டின் கீழ் இரண்டு வேறு வேறு சரக்கு விற்கிறார்கள். ஒன்று, முட்டை வடிவ இருக்கை. உட்கார்ந்ததும் ஆடும், குலுங்கும், முகத்தில் காற்று அடிக்கும். பக்கத்தில் ‘9டி’ என்று எழுதியிருக்கும். இன்னொன்று, தரையில் பாய் விரித்துவிட்ட காலி இடம். இரண்டு கையிலும் கன்ட்ரோலரோடு அங்கே நின்று விளையாட வேண்டும். முட்டை பார்க்க எடுப்பாக இருக்கும் என்பதால் வாசலிலேயே வைத்திருப்பார்கள். முதல் முறை போகிறவர் அதில் ஏறவே வேண்டாம் என்பதுதான் எங்கள் தீர்ப்பு.

முட்டை இருக்கையில் ஓடுவது பெரும்பாலும் ரோலர் கோஸ்டர் வீடியோ. தலையைத் திருப்பினால் காட்சி திரும்பும், அவ்வளவுதான். முன்னால் குனிந்து எட்டிப் பார்த்தாலும் எதுவும் கிட்டே வராது; காட்சி முழுதும் உங்களோடு சேர்ந்தே நகரும். கண் ‘விழுகிறோம்’ என்கிறது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்புக்கோ இருக்கையின் சின்னக் குலுக்கல் மட்டும்தான் எட்டுகிறது. இந்த முரண்பாட்டில்தான் குமட்டல் வருகிறது. ஓடும் பஸ்ஸில் போனைப் பார்த்தால் வருகிற தொல்லையும் இதே இனம். அங்கே உடம்பு நகர்கிறது, கண் நிற்கிறது. தலைசுற்றி இறங்குகிறவர் ‘விஆர் நமக்கு ஒத்துக்காது’ என்று முடிவுகட்டி விடுகிறார். அது வீணான இழப்பு. நின்று விளையாடும் இடத்தில் ஓர் அடி எடுத்து வைத்தால் உள்ளே இருக்கும் உலகமும் சரியாக ஓர் அடி நகரும். உடம்பு அதை நம்பிவிடும். நாம் காசு கொடுப்பது அந்த நம்பிக்கைக்கு.

ஹெட்செட் எந்த மாடல் என்பதை விட எப்படி மாட்டினார்கள் என்பது முக்கியம். 2020-இல் வந்த மெட்டா குவெஸ்ட் 2, 2023-இல் வந்த குவெஸ்ட் 3, பழைய இடங்களில் 2016-இன் எச்டிசி வைவ் ஆகியவற்றைக் காணலாம். சரியாக மாட்டிய குவெஸ்ட் 2, ஏனோதானோவென்று மாட்டிய குவெஸ்ட் 3-ஐ விடத் தெளிவாகத் தெரியும். ஆனால் கடைப் பையன்கள் அவசரத்தில் தலையில் கவிழ்த்து, பக்கப் பட்டையை இறுக்கி அனுப்பிவிடுகிறார்கள். எல்லாம் மங்கலாகத் தெரியும். ‘விஆர் இப்படித்தான் போல’ என்று வருகிறவரும் பேசாமல் விளையாடுவார். பேசாமல் இருக்கக் கூடாது.

முதலில் எல்லாப் பட்டையையும் தளர்த்தச் சொல்லுங்கள். முன்பக்கத்தை முகத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டு, பின்பட்டையைப் பிடரி மேட்டுக்குக் கீழே இறக்க வேண்டும். அந்த மேடுதான் பிடிமானம். அதற்கு மேலே நின்றால் ஐந்து நிமிடத்தில் ஹெட்செட் மூக்கில் வந்து உட்காரும். பிறகு உச்சிப் பட்டையை இழுத்து எடையைத் தலைக்கு ஏற்ற வேண்டும். குவெஸ்ட் 2 சுமார் 500 கிராம்; அந்த எடையைக் கன்னம் தாங்கினால் வலிதான் மிச்சம். பக்கப் பட்டையைக் கடைசியில், லேசாக இறுக்கினால் போதும். இனி மெனுவில் இருக்கும் சின்ன எழுத்தைப் படித்துப் பாருங்கள். மங்கினால் ஹெட்செட்டை மேலும் கீழும் மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்துங்கள். ஓரிடத்தில் எழுத்து ‘பளிச்’ என்று நிற்கும்.

நிற்கவில்லையா? லென்ஸ் இடைவெளி உங்களுக்குப் பொருந்தவில்லை. குவெஸ்ட் 2-இல் 58, 63, 68 மி.மீ. என்று மூன்றே நிலைகள். லென்ஸ் இரண்டையும் விரலால் தள்ளி மாற்றலாம். முந்தைய ஆளுக்கு வைத்ததே உங்களுக்கும் வரும் என்பதால், மூன்றையும் மாற்றிப் பார்க்கக் கேளுங்கள். குவெஸ்ட் 3-இல் அடியில் ஒரு சக்கரம் இருக்கிறது, அதைத் திருப்பினாலே போதும். கண்ணாடி போடுகிறவர்கள், குவெஸ்ட் 2 என்றால், முகம் படும் உறைக்கும் லென்ஸுக்கும் இடையில் வைக்கும் பிளாஸ்டிக் சட்டம் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் உங்கள் கண்ணாடி அந்த லென்ஸைக் கீறும், அது உங்கள் கண்ணாடியைக் கீறும்.

நம் ஊருக்கென்று சில விஷயங்கள் உண்டு. கொண்டை போட்டிருந்தால் பின்பட்டை உட்காராது. தாழ்வாகப் பின்னல் போட்டு வருவது நல்லது. குதிரைவால் என்றால் பட்டையின் பிளவு வழியாக வெளியே எடுத்துவிடலாம். ஸ்டிக்கர் பொட்டு நுரையில் ஒட்டிக்கொள்ளும், திருநீறும் குங்குமமும் லென்ஸில் இறங்கும்; துடைத்துவிட்டு மாட்டுங்கள். துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள். வெயிலில் இருந்து வியர்வையோடு வந்து ஏசியில் குளிர்ந்து கிடக்கும் ஹெட்செட்டை மாட்டினால் லென்ஸில் ஆவி படியும். ஐந்து நிமிடம் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

கடையை எடைபோட ஒரு வழி: ஆள் மாறும்போது என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். முகம் படும் இடத்தில் துடைக்கக்கூடிய சிலிகான் உறை இருந்து, அதைத் துடைத்து, லென்ஸுக்குத் தனியாக உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி வைத்திருந்தால் நல்ல கடை. சானிட்டைசர் போட்ட டிஷ்யூவால் லென்ஸையும் சேர்த்துத் துடைத்தால் வேறு கடை பாருங்கள். ஆல்கஹால் லென்ஸின் பூச்சைக் கெடுக்கும், பிறகு காட்சி புகை மூட்டமாகவே இருக்கும். வெறும் நுரை உறை எத்தனை பேர் வியர்வையை உறிஞ்சியதோ தெரியாது. இடத்தையும் கவனியுங்கள். குவெஸ்ட் தன் கேமராக்களால் அறையைப் பார்த்துத்தான் தான் எங்கே இருக்கிறோம் என்று கணக்கிடுகிறது. சுற்றிலும் கண்ணாடிச் சுவர், பளபளக்கும் டைல்ஸ், வெற்று வெள்ளைச் சுவர் என்றால் கை ‘நடுங்கும்’, உலகம் வழுக்கும். ஒருவருக்கு 2 மீட்டருக்கு 2 மீட்டர் இடமாவது வேண்டும்.

எதில் தொடங்குவது? ‘ரிச்சீஸ் பிளாங்க் எக்ஸ்பீரியன்ஸ்’ இருந்தால் அதில். லிஃப்டில் ஏறுவீர்கள், கதவு திறக்கும், 80 மாடி உயரத்தில் வெளியே ஒற்றைப் பலகை நீண்டிருக்கும். நல்ல ஆர்கேட்களில் தரையில் நிஜப் பலகையே போட்டிருப்பார்கள். பாதத்தில் அதன் விளிம்பு தட்டும்போது முழங்கால் தானாகப் பூட்டிக்கொள்ளும். இங்கே நேரும் கோளாறு, நிஜப் பலகையும் உள்ளே தெரியும் பலகையும் ஒன்றன்மேல் ஒன்று உட்காராமல் போவது. லிஃப்டுக்குள் இருக்கும்போதே கன்ட்ரோலரை நீட்டி விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். விலகியிருந்தால், அல்லது தரை உங்கள் முழங்கால் மட்டத்தில் தெரிந்தால், நிறுத்தி மறுபடி அளவெடுக்கச் சொல்லுங்கள். பலகை முனையில் ‘சுவரில் சாயலாம்’ என்று கை போகும். அங்கே சுவர் கிடையாது. இதய நோய், வலிப்பு உள்ளவர்கள் தவிர்த்துவிடுங்கள்.

அடுத்து ‘பீட் சேபர்’: பாட்டின் தாளத்துக்குப் பறந்து வரும் கட்டைகளை ஒளிவாளால் வெட்டும் ஆட்டம். நகராமல் நின்ற இடத்திலேயே ஆடுவதால் தலைசுற்றல் மிகக் குறைவு. முதல் முறைக்கு இதைவிடப் பாதுகாப்பான தேர்வு எங்களுக்குத் தெரியவில்லை. இடக்கை சிவப்பு, வலக்கை நீலம், கட்டையில் அம்புக்குறி காட்டும் திசையில் வெட்ட வேண்டும். புதியவர்கள் மணிக்கட்டை மட்டும் ஆட்டுவார்கள், பாயின்ட் ஏறாது. ஒரு கட்டைக்கு அதிகபட்சம் 115. வெட்டுவதற்கு முன் 100 டிகிரி வீச்சுக்கு 70, வெட்டிய பின் 60 டிகிரிக்கு 30, நடுவில் பட்டால் 15. ஆகவே தோளில் இருந்து வீசுங்கள். ஈஸியில் ஒரு பாட்டு, நார்மலில் இரண்டு போதும். கன்ட்ரோலரின் கயிற்றை மணிக்கட்டில் மாட்டாமல் தொடங்காதீர்கள்.

ஸோம்பி சுடும் ஆட்டத்தைத்தான் கவுன்ட்டரில் முதலில் தள்ளுவார்கள். நின்ற இடத்தில் இருந்து அலை அலையாகச் சுடும் வகை என்றால் சரி. ஜாய்ஸ்டிக்கைத் தள்ளி ‘நடக்கும்’ வகை என்றால், முட்டை இருக்கைக்குச் சொன்ன அதே குமட்டல். நடக்காமல், காட்டிய இடத்துக்குச் சட்டென்று தாவும் ‘டெலிபோர்ட்’ முறைக்கும், வழுக்கித் திரும்பாமல் வெட்டு வெட்டாகத் திரும்பும் ‘ஸ்னாப் டர்ன்’-க்கும் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

காசு கட்டும்போது கேட்க வேண்டியது ஒன்றுதான்: நிமிடக் கணக்கு ஹெட்செட் மாட்டும்போது தொடங்குகிறதா, ஆட்டம் தொடங்கும்போதா? 5 நிமிட டிக்கெட்டில் இரண்டு நிமிடம் பட்டை இறுக்குவதிலேயே போய்விடும். 15 முதல் 20 நிமிடம் எடுங்கள். அதற்கு மேல் முதல் நாள் வேண்டாம். 10 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு மெட்டாவே பரிந்துரைப்பதில்லை.

வாயில் எச்சில் ஊறினாலோ நெற்றி சில்லென்று வியர்த்தாலோ உடனே கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்குங்கள். ‘இந்த லெவல் முடியட்டும்’ என்று தாங்கிப் பார்த்தால் அந்த மாலை முழுக்கக் குமட்டும். கழற்றும்போது பின்பட்டையை முதலில் தூக்கி முன்னால் கவிழ்த்து எடுங்கள், மூக்குக்கண்ணாடி கூடவே வராது. வெளியே வந்ததும் தரை சில நிமிடம் மெத்தை மாதிரி இருக்கும். அது அடங்கும் வரை எஸ்கலேட்டரில் ஏறாதீர்கள், பார்க்கிங்கில் பைக்கையும் எடுக்காதீர்கள்.