கழுத்துப் பட்டை: என் மகனுக்கு ஒன்று, அக்கா மகளுக்கு வேறொன்று

சிங்கப்பூர் தேக்காவில் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு அக்காதான் முதலில் கேட்டார். "ஏன்டி, எல்லாப் படத்துலயும் தம்பி ஒரே பக்கமாத்தான் தலையைச் சாய்ச்சிருக்கான்?" பழைய படங்களைப் புரட்டினேன். எல்லாவற்றிலும் இடது காது தோளை நோக்கி இறங்கியிருந்தது, முகவாய் வலப்பக்கம் திரும்பியிருந்தது. என் மகனுக்கு அப்போது மூன்று மாதம் முடிந்திருந்தது.

பிறவிக் கழுத்துத் திருகல். காதுக்குப் பின்னாலிருந்து நெஞ்செலும்புவரை இறங்கும் தசை ஒரு பக்கம் குறுகியிருந்தால் தலை இப்படித்தான் நிற்கும். அக்கா மகளுக்கோ பெருமூளை வாதம், அதாவது மூளைப் பாதிப்பால் தசைகள் கட்டுக்குள் வராத நிலை. கழுத்துத் தசையில் பிடிமானமே இல்லாமல் தலை முன்னால் தொங்கும். பட்டை போட்டால் சரியாகிவிடுமா என்று இரண்டு வீட்டிலும் ஒரே பேச்சு.

நான் அவசரப்பட்டு நுரைக் காலர் ஒன்றை வாங்கிவிட்டேன். மாலைக்குள் கழுத்து மடிப்பு சிவந்துவிட்டது. நம் ஊர்ப் புழுக்கத்தில், பாலும் வியர்வையும் தேங்கும் இடம் அது. அதைவிட முக்கியமானதைப் பிசியோதெரபிஸ்ட் காட்டினார்: பிள்ளை இடது கன்னத்தை நுரைமேல் வைத்துச் சுகமாகச் சாய்ந்திருந்தான்! தலையணை கிடைத்தால் தசை ஏன் உழைக்கும்?

குழாய்க் காலர் செய்வது இதற்கு நேர்மாறு. மென்மையான பிளாஸ்டிக் குழாய் கழுத்தைச் சுற்றி வரும். சாயும் பக்கம் மட்டும் சின்னச் சின்னக் கெட்டித் தண்டுகள் இருக்கும். தலை இறங்கினால் தண்டு இடிக்கும். அதிலிருந்து விலக, குழந்தை தானே தலையைத் தூக்கும். எதிர்ப்பக்கத் தசை வேலை செய்து பலம் பிடிக்கும். பொதுவாக நான்கு மாதம் தாண்டி, தலை ஓரளவு நின்ற பிறகும் 5 டிகிரிக்கு மேல் சாய்வு விடாமல் இருந்தால்தான் இதை யோசிப்பார்கள். விழித்திருக்கும்போது, நம் கண்ணெதிரே மட்டும்தான் போட வேண்டும். தூக்கத்திலும் கார் இருக்கையிலும் கூடவே கூடாது.

ஆனால் என்னைக் கேட்டால், இரண்டு காலரையும்விடக் கைதான் முதலில். டயப்பர் மாற்றும் ஒவ்வொரு முறையும் வலது காதை வலது தோள் பக்கம் மெல்லச் சாய்ப்பது, முகவாயை இடப்பக்கம் திருப்புவது, குப்புறப் போட்டு விளையாட விடுவது, கிலுகிலுப்பையை இடப்பக்கம் ஆட்டுவது. முதல் மூன்று மாதத்துக்குள் தொடங்கிவிட்டால் பெரும்பாலான குழந்தைகளுக்குக் காலர் தேவைப்படாது. நாங்கள் தாமதம். அதனால் பயிற்சியோடு குழாய்க் காலரும் வந்தது. அம்மா சுளுக்கு எடுப்பவரைக் கூப்பிடலாம் என்றார்; நான் ஒத்துக்கொள்ளவில்லை. குழந்தையின் கழுத்தை யாரும் வெடுக்கென்று திருப்பக் கூடாது.

இதே குழாய்க் காலரை அக்கா மகளுக்குப் போட்டிருந்தால்? விலகித் தூக்கப் பலமில்லாத பிள்ளை; தண்டு தோலைத்தான் அழுத்தியிருக்கும். அவளுக்கு வேண்டியது தாங்குகிற பட்டை. நுரைக் காலர் போட்டார்கள், சூடு தாங்கவில்லை. அப்புறம் முகவாயை மட்டும் ஏந்தும், திறந்த கம்பிச் சட்டக் காலர். அதைப் போட்ட அன்று அவள் கஞ்சிக் கரண்டி வருவதைக் கண்ணால் பார்த்து, அது வருமுன்பே வாயைத் திறந்தாள். அக்கா கரண்டியை வைத்துவிட்டு அழுதுவிட்டார். ஒன்று கவனிக்க வேண்டும்: தாடையை இறுக்கினால் மெல்லவும் விழுங்கவும் சிரமமாகும். அதனால் விழுங்குவதையும் கவனிக்கும் பேச்சு சிகிச்சையாளரும் பார்த்தாக வேண்டும்.

அதற்கும் முன்னால் உட்காரும் நாற்காலியைப் பாருங்கள். இடுப்பும் முதுகும் சரியாகத் தாங்கப்பட்டு, இருக்கை சற்றுப் பின்சாய்ந்தாலே கழுத்தின் பாரம் நிறையக் குறைகிறது. இப்படிப்பட்ட துணைக்கருவிகளுக்கு உடற்குறையுள்ளோருக்கு உதவும் எஸ்ஜி எனேபிள் அமைப்பு வழியாக உதவி நிதி கிடைக்கும். குடும்ப வருமானத்தைப் பொறுத்து 90 விழுக்காடு வரை. ஆயுளுக்கு 40,000 வெள்ளி உச்சவரம்பு.

பெரியவர்களுக்குத் தூங்கி எழும்போது பிடிக்கும் கழுத்துக்குப் பட்டையே வேண்டாம். வெந்நீர் ஒத்தடமும் மெதுவான அசைவும் போதும். கழுத்து தானாகவே இழுத்துக்கொள்ளும் டிஸ்டோனியா வேறு கதை. அங்கே கெட்டிப் பட்டையோடு தசை மல்லுக்கட்டும், தோல் புண்ணாகும். தசையைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசிதான் அங்கே முதன்மைச் சிகிச்சை, ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒருமுறை.

குழந்தைக்குத் திடீரென்று கழுத்து திருகி, கூடவே காய்ச்சலோ, விழுந்த அடியோ, விழுங்கச் சிரமமோ, கைகால் தளர்ச்சியோ இருந்தால் எந்தப் பட்டையையும் தேடாதீர்கள். நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். மற்றபடி, பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கிப் போனால் அரசு மருத்துவமனையில் மானியக் கட்டணம்தான்.

தம்பிக்குப் பத்து மாதமானபோது காலரைக் கழற்றினோம். அக்கா மகள் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் இன்னும் போட்டுக்கொள்கிறாள், ஒரு வேளைக்கு இருபது நிமிடம். கழற்றியதும் முகவாய்க்குக் கீழே விரலால் தடவிப் பார்த்து, ஈரத்தை ஒற்றி எடுப்பது அக்காவின் வழக்கம்.