நான்ஸ்டிக் தவா: மூன்று விலை, ஒன்பது வருஷம்

குத்தாலத்தில் எங்கள் வீட்டில் ஐந்து பேர். காலையில் இல்லாவிட்டால் ராத்திரி, ஒரு வேளையாவது தோசையோ அடையோ கட்டாயம் உண்டு. ஒன்பது வருஷத்தில் மூன்று நான்ஸ்டிக் தவாக்களும் ஒரு வாணலியும் என் கையில் தேய்ந்து முடிந்திருக்கின்றன. மூன்று தவாவுமே 28 செ.மீ. அகலம்தான். விலை 350, 1,100, 2,600 ரூபாய். அதிக விலை கொடுத்தால் அதிக நாள் வரும் என்று நம்பித்தான் ஒவ்வொன்றையும் வாங்கினேன். அந்த நம்பிக்கையில் பாதிதான் சரி.

முதல் தவாவை வாங்கியது மாயவரத்தில், 2016 ஐப்பசிக் கடைமுழுக்கின்போது போட்டிருந்த கடையில். முதல் வாரம் எண்ணெயே இல்லாமல் தோசை வழுக்கிக்கொண்டு வந்தது. ஒரு மாதத்தில் அடிப்பக்கம் நடுவில் மேலே எழும்பிவிட்டது. எண்ணெய் விட்டால் ஓரத்துக்கு ஓடும். தோசை ஒரு வளையமாகச் சிவக்கும், நடுவில் வெளுத்து மாவாகவே இருக்கும். அத்தை தன் பழைய இரும்புக் கல்லை மறுபடி எடுத்து அடுப்பில் வைத்து, "இது தகரம்மா, சூட்டைத் தாங்காது" என்றார். தகரமில்லை, அலுமினியம்தான். ஆனால் சூட்டைத் தாங்காது என்பது உண்மை. ஏழாவது மாதம் அந்த வளையம் இருந்த இடத்தில்தான் பூச்சும் உரியத் தொடங்கியது.

பிறகு சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன்: 410 கிராம். அடுத்து வாங்கிய 1,100 ரூபாய் தவா 760 கிராம். 2,600 ரூபாய் தவா 1 கிலோ 150. விலையில் இருக்கும் விஷயம் பெரும்பாலும் இதுதான். மெல்லிய தகட்டில் பர்னர் தீ படும் இடம் மட்டும் கொதிக்கும், மற்ற இடம் ஆறிக் கிடக்கும். ஒரே தகட்டில் இப்படிச் சூடு மாறுபட்டால் அது வளையாமல் என்ன செய்யும்? பூச்சுக்கும் அந்த ஒரே இடத்தில் தினமும் அடி விழுகிறது. தகடு 3 மி.மீ. இருந்தால் சூடு பரவிவிடும். என் நடுத்தர விலைத் தவா அந்தக் கனம்தான். நான்கு வருஷம் உழைத்து, பூச்சு போன அன்றும் அடி தட்டையாகவே இருந்தது.

அப்படியானால் 2,600 ரூபாய் தவா? நான்கரை வருஷம் வந்தது. கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு பணத்துக்கு ஆறே மாதம் கூடுதல். கைப்பிடி நன்றாக இருந்தது, இண்டக்‌ஷனிலும் வேலை செய்தது, அடை ஒரே சீராகச் சிவந்தது. ஆனால் வழுவழுப்பு அதே வேகத்தில்தான் போயிற்று. மேலே புள்ளி புள்ளியாக 'கிரானைட்' என்று இருந்ததே, அது கல் இல்லை. டெஃப்லான் வகைப் பூச்சில்தான் புள்ளி போட்டிருந்தார்கள். இடையில் வாங்கிய வெள்ளைச் செராமிக் பூச்சு வாணலி இன்னும் ஏமாற்றம். முதல் இரண்டு மாதம் முட்டை தானாக நழுவியது, எட்டாவது மாதம் அசோகா அல்வா கிண்டும்போது பயத்தம்பருப்பு அடியில் பிடித்துக்கொண்டது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஒட்ட ஆரம்பித்ததும் பூச்சு போய்விட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். நடுத்தரத் தவா இரண்டாம் வருஷமே ஒட்டியது. பார்த்தால், தினமும் விட்ட எண்ணெய் தீய்ந்து பழுப்பாக ஒரு பிசுக்குப் படிந்திருந்தது. தண்ணீரில் இரண்டு ஸ்பூன் ஆப்ப சோடா கலந்து பத்து நிமிடம் சின்னத் தீயில் கொதிக்கவிட்டு, மெத்தென்ற துணியால் துடைத்ததும் பழையபடி ஆகிவிட்டது. எங்கள் போர் தண்ணீர் உப்பு. அது வெள்ளையாகப் படிந்தால் புளித்தண்ணீர் போதும்.

இரும்புக் கல்லில் பழகிய கைதான் நான்ஸ்டிக்குக்கு எதிரி. கல் நன்றாகக் காய்ந்து புகை வந்தபின் மாவு ஊற்றுவது நமக்கு வழக்கம். இதில் அப்படிச் செய்தால் மாவு கரண்டியோடு சுருண்டு வரும். மிதமான சூட்டில் ஊற்றித் தேய்த்து, அப்புறம் தீயைக் கூட்ட வேண்டும். இது தோசைக்காக மட்டுமல்ல. டெஃப்லான் வகைப் பூச்சுக்கு 260 டிகிரி வரைதான் பாதுகாப்பு என்கிறார்கள். வெறும் தவாவைப் பெரிய தீயில் வைத்துவிட்டு வாசலில் கீரைக்காரியோடு பேசி வந்தால் அதைத் தாண்டிவிடும். 350 டிகிரியை நெருங்கும்போது வரும் புகை மனிதருக்குக் காய்ச்சல் போல உடம்பை முறிக்கும், கூண்டில் வளர்க்கும் கிளிகளைக் கொன்றே விடும். கிளி வளர்க்கும் வீட்டில் தயவுசெய்து கவனம்.

பெட்டியில் 'பி.எஃப்.ஓ.ஏ. இல்லை' என்று பெரிதாகப் போடுகிறார்கள். அது பூச்சைத் தயாரிக்கும்போது முன்பு சேர்த்த வேதிப்பொருள், அமெரிக்காவின் பெரிய கம்பெனிகள் 2015க்குள் கைவிட்டுவிட்டன. இல்லாமல் இருப்பது நல்லதுதான். ஆனால் பூச்சு எத்தனை நாள் வரும் என்பதற்கும் அந்த வரிக்கும் சம்பந்தமில்லை.

கும்பகோணத்துப் பித்தளைப் பாத்திரத்தில் ஈயம் தேய்ந்தால் மறுபடி பூசி வாங்கிக்கொள்ளலாம். நான்ஸ்டிக் அப்படி இல்லை. பரப்பைச் சொரசொரப்பாக்கி, அடிப்பூச்சு, மேற்பூச்சு எல்லாம் கொடுத்துச் சூளையில் சுட வேண்டும். அது தெருவில் நடக்கிற வேலை இல்லை.

இப்போது கடைக்குப் போனால் பெட்டியைப் படிப்பதற்கு முன் தவாவைக் கையில் தூக்கிப் பார்க்கிறேன். கவிழ்த்து, அடியில் ஒரு ஸ்கேலை வைத்து இடைவெளி தெரிகிறதா என்று பார்க்கிறேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பூச்சில் ஊசிமுனைக் குழிகள் இருக்கின்றனவா என்று தேடுகிறேன். இண்டக்‌ஷன் தவாவானால் அடியில் பதித்த எஃகுத் தட்டு எவ்வளவு அகலம் என்று கவனிக்கிறேன். அது சின்னதாக இருந்தால் நடுவில் மட்டும்தான் சுடும். கைப்பிடி ஒற்றை ஸ்க்ரூவில் நின்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.

சாதா தோசைக்கு அத்தையின் இரும்புக் கல்லே போதும், நன்றாகப் பழகிய கல்லில் அதுவும் ஒட்டாது. மீன் வறுக்கவும் முட்டைக்கும் குழந்தையின் ஊத்தப்பத்துக்கும் ஒரு நான்ஸ்டிக் வேண்டியிருக்கிறது. அடுத்ததும் ஆயிரம், ஆயிரத்து இருநூறு ரூபாய்க்குள், 3 மி.மீ. கனத்தில்தான் வாங்கப் போகிறேன். மிச்சப் பணத்தில் இரண்டு மரக் கரண்டியும் வாங்கி, எவர்சில்வர் தோசைத்திருப்பியை அந்த அடுப்புப் பக்கமே வராமல் எடுத்து வைத்துவிடுவேன்.