உள்ளூர்க் கடையிலேயே தொடர்ந்து வாங்குவது: எங்கே லாபம், எங்கே கவனம்

உள்ளூர்க்காரர் சொந்தமாக நடத்தும் கடையில் விலை குறைவா என்றுதான் எல்லாரும் முதலில் கேட்பார்கள். சில பொருளுக்குக் குறைவு, பலவற்றுக்குக் குறைவில்லை. பெரிய சங்கிலித் தொடர் கடைகள், மக்கள் விலையை மனப்பாடமாக வைத்திருக்கும் சில சரக்குகளை அடிமட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு, யாரும் விலை ஞாபகம் வைத்திருக்காத சாமான்களில் லாபத்தை எடுத்துக்கொள்ளும். அந்தச் சில சரக்குகளை மட்டும் வைத்து ஒப்பிட்டால் சின்னக் கடை எப்போதும் தோற்கத்தான் செய்யும். ஒரு மாத பில்லை முழுசாக எடுத்துவைத்து, பாக்கெட் விலையை விட்டுவிட்டு, நூறு கிராமுக்கு எவ்வளவு, மீட்டருக்கு எவ்வளவு, ஒன்றுக்கு எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள். வாங்கியதில் எவ்வளவு சும்மா கிடக்கிறது என்பதையும் சேர்க்க வேண்டும். இரண்டு வாஷர் போதும் என்கிற வேலைக்குப் பன்னிரண்டு வாஷர் உள்ள அட்டை பாக்கெட்டை வாங்கினால், பயன்பட்ட வாஷர் ஒவ்வொன்றும் ஆறு மடங்கு விலைக்கு வாங்கியதாகிறது. உதிரியாக எண்ணிக் கொடுக்கும் கடையில் இந்தச் செலவே இல்லை.

மின்சாதனங்களில் ஒப்பீடு இன்னும் வழுக்கும். பெரிய கடைகளுக்கென்றே தயாரிப்பாளர்கள் தனி மாடல் எண் போட்டுத் தருவதுண்டு. பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும். எண்ணின் கடைசி எழுத்து மட்டும் மாறியிருக்கும். கூட வரும் பாகம், வாட் அளவு, உத்தரவாதக் காலம் இவற்றில் ஏதாவது குறைந்திருக்கலாம். மாடல் எண்ணைக் கடைசி எழுத்து வரை ஒத்துப் பார்க்காமல் “அங்கே மலிவு” என்ற முடிவுக்கு வரக் கூடாது.

உள்ளூர்க் கடையில் உண்மையில் கிடைப்பது, கல்லாவுக்குப் பின்னால் நிற்கிறவரின் அறிவு. 1916-இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் ‘பிக்லி விக்லி’ என்ற சுயசேவைக் கடையைத் தொடங்கினார். அதுவரை கடைக்காரர்தான் சாமானை எடுத்துக் கொடுப்பார். சுயசேவை கடையின் ஆள்செலவைக் குறைத்தது. சரியானதைத் தேர்ந்தெடுக்கும் பாரத்தை வாங்குபவர் தலையில் வைத்தது. தேர்வு தவறினாலும் பெரிய நஷ்டமில்லாத பொருளுக்கு அது நல்ல ஏற்பாடுதான். அளவு பிசகினால் வேலையே கெட்டுப்போகும் பொருளுக்கு அது சரிப்படாது.

தண்ணீர்க் குழாய் இணைப்பையே எடுத்துக்கொள்வோம். ‘அரை இன்ச்’ என்பது பெயர்தான். பிஎஸ்பி என்ற பிரிட்டிஷ் குழாய் மரை முறையில், அரை இன்ச் ஆண் மரையின் (வெளிப்பக்கம் திருகு வெட்டியது) வெளிவிட்டம் சுமார் 21 மி.மீ. வீட்டில் அளவுகோல் வைத்து 21 மி.மீ. என்று குறித்துக்கொண்டு போகிறவர், முக்கால் இன்ச் இணைப்பை எடுத்து வந்துவிடுவார். அதைவிடச் சிக்கல், என்பிடி என்ற அமெரிக்க முறையின் அரை இன்ச்சுக்கும் பிஎஸ்பி போலவே ஓர் இன்ச்சுக்கு 14 மரைதான். மரையின் கோணம் மட்டும் வேறு: பிஎஸ்பி 55 டிகிரி, என்பிடி 60 டிகிரி. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று ஏறும், இறுகுவதுபோலவும் இருக்கும். தண்ணீர் திறந்ததும் கசியும். டேப்பை எத்தனை சுற்று சுற்றினாலும் அது நம்பகமான இணைப்பாகாது. பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோனால், தினமும் இதையே விற்கும் கடைக்காரர் இதைக் கண்டுபிடித்துவிடுவார்.

போல்ட்டும் அப்படியே. எம்8 (8 மி.மீ. விட்டமுள்ள) போல்ட்டில், ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள இடைவெளி சாதாரண மரையில் 1.25 மி.மீ., நுண்மரையில் 1 மி.மீ. கண்ணால் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். நட்டையும் கொண்டுபோய், கடையிலேயே கையால் சுற்றிப் பாருங்கள். முழுக்கத் தடையில்லாமல் ஏற வேண்டும். ஒன்றிரண்டு சுற்றில் பிடித்துக்கொண்டால் மரை பொருந்தவில்லை. ஸ்பேனர் போட்டு அழுத்தினால் இரண்டின் மரையும் அழியும்.

சைக்கிள் டயரில் ‘26 இன்ச்’ என்று கேட்டு வாங்குவது ஆபத்து. அந்தப் பெயரில் 559, 571, 584, 590 மி.மீ. என ரிம் அளவுகள் பல உண்டு. ஒன்றின் டயர் மற்றதில் உட்காராது. மறுபக்கம், ‘28 இன்ச்’, ‘29 இன்ச்’, ‘700சி’ என்று மூன்று பெயரில் விற்பவை பெரும்பாலும் ஒரே 622 ரிம்முக்கானவை. டயரின் பக்கவாட்டில் 37-622 என்பதுபோல அச்சிட்டிருக்கும்: முதல் எண் அகலம், இரண்டாவது ரிம் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். அந்த எண்ணைச் சொல்லுங்கள். புத்தகக் கடையிலும் தலைப்பைவிட எண்ணே நல்லது. ஒரே தலைப்பில் பல பதிப்புகள் இருக்கும், புத்தகத்துக்கான அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் பதிப்புக்குப் பதிப்பு மாறும். 2007 முதல் அது 13 இலக்கம்.

சின்னக் கடையின் பெரிய பலவீனம் மெதுவாக நகரும் சரக்கு. இதை மறைத்துப் பேசுவது அந்தக் கடைகளுக்கும் நல்லதில்லை. ரப்பர், பசை, பேட்டரி இவை மூன்றும் அலமாரியிலேயே கெடும். இடுக்குகளை அடைக்கும் சிலிக்கான் சீலன்ட் காலாவதியானால், பூசிய பிறகு காயாமல் பிசுபிசுவென்று நிற்கும். அதைச் சுரண்டி எடுப்பது புதிதாகப் பூசுவதைவிடப் பெரிய வேலை. 12 வோல்ட் ஈய-அமில பேட்டரி முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும்போது சுமார் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.4-க்குக் கீழே இருந்தால், விற்காமல் கிடந்து தானாகவே சார்ஜ் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். அப்படியே நாள்பட்டால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகி, கொள்ளளவு நிரந்தரமாகக் குறைந்துவிடும். மல்டிமீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் இதற்குக் கோபப்பட மாட்டார். கார் டயரின் பக்கவாட்டில் டிஓடி (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் ஆண்டும்: 1424 என்றால் 2024-இன் 14-ஆவது வாரம்.

இல்லாத பொருளை வரவழைத்துத் தரச் சொல்லலாம். பலர் கேட்பதே இல்லை. மொத்த வியாபாரியிடமிருந்து சரக்கு எந்தக் கிழமை வருகிறது, அதற்கு எப்போதுக்குள் ஆர்டர் போக வேண்டும் என்று தெரிந்துகொண்டால் காத்திருப்பு பாதியாகும். மாடல் எண், அளவு, நிறம், எண்ணிக்கை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வாய்மொழி ஆர்டரில்தான் தவறு நேரும். நமக்கென்று வரவழைத்ததைப் பெரும்பாலும் திருப்பி எடுக்க மாட்டார்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அதைப் பேசிவிட வேண்டும்.

திருப்பிக் கொடுப்பதில் பெரிய கடைக்குத்தான் கை ஓங்கியிருக்கிறது. அங்கே விதி எழுத்தில் இருக்கும், இங்கே பழக்கத்தில் இருக்கும். அதனால் பில் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். சாதனம் என்றால் சீரியல் எண்ணைப் பில்லிலேயே எழுதச் சொல்லி, உத்தரவாத அட்டையில் முத்திரையும் தேதியும் வாங்கிவிடுங்கள்.

யோசனை கேட்கப் போகும் நேரமும் முக்கியம். கடை திறக்கும் வேளையிலும் கூட்ட நேரத்திலும் அரைகுறைப் பதில்தான் கிடைக்கும். அரை மணி நேரம் அவரைப் பேசவைத்து, மாடலைக் குறித்துக்கொண்டு வேறிடத்தில் வாங்குவது மட்டும் வேண்டாம். விலை வித்தியாசம் உறுத்தினால் நேராகச் சொல்லிக் கேட்கலாம். குறைக்க முடியாவிட்டாலும் பொருத்தித் தருவதோ பழுது பார்ப்பதோ சேர்ந்து வரக்கூடும்.

அடிக்கடி தேவைப்படும் பொருள் ஏதாவது இருந்தால், எந்த எண், மாதம் எத்தனை என்று சொல்லிவையுங்கள். எதை இருப்பில் வைப்பது என்று முடிவெடுக்கும் அதிகாரம் அந்த ஒருவரிடமே இருப்பதால் அடுத்த கொள்முதலிலேயே வந்துவிடும். வாங்குவதை நிறுத்தப் போகிறீர்கள் என்றால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், உங்களுக்காக எடுத்துவைத்த சரக்கு அவர் முதலை முடக்கிவிடும்.