குளம் நிறைந்ததா என்று எந்தச் செயற்கைக்கோளைக் கேட்பது?

அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கியது. பவானி ஆற்றில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே உபரியாகப் போகும் நீரில் ஆண்டுக்கு 1.5 டி.எம்.சி. எடுத்து, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் உள்ள 1,045 நீர்நிலைகளுக்குக் குழாய் வழியாகக் கொடுப்பது திட்டம். அவற்றில் 971 சின்னக் குட்டைகள். அத்தனைக்கும் ஆள் போட்டுப் பார்க்க முடியாது. அதனால் "சேட்டிலைட்ல பாத்துச் சொல்லலாமே" என்கிற யோசனை இப்போது எல்லாக் குளக்குழுவிலும் வருகிறது. நல்ல யோசனைதான். ஆனால் பூமியின் நீரை அளக்கவென்று மேலே சுற்றுவது ஒரே வகைக் கோள் இல்லை. ஒன்று எடையைப் பார்க்கும், ஒன்று மட்டத்தைப் பார்க்கும், ஒன்று பரப்பைப் பார்க்கும். நமக்கு எது உதவும் என்பது வேலையைப் பொறுத்தது. என் தேர்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கொங்கு நாட்டுக்கு முதலில் ரேடார் கொண்டு பரப்பைப் பார்க்கும் சென்டினல்-1, அதற்குத் துணையாக கேமரா கொண்டு பார்க்கும் சென்டினல்-2. செய்திகளில் அதிகம் அடிபடும், எடை பார்க்கும் கிரேஸும் மட்டம் பார்க்கும் ஸ்வாட்டும் நம் ஊர் அளவுக்குப் பொருந்தாது.

கிரேஸ்: கிணற்று நீரை அறியும், ஆனால் நம் கிணற்றை அறியாது

நிலத்துக்கடியில் உள்ள நீரின் ஏற்ற இறக்கத்தை எடையாக உணரக்கூடியது கிரேஸ் மட்டும்தான். 2002 முதல் 2017 வரை முதல் இணை சுற்றியது. 2018 மே மாதத்திலிருந்து கிரேஸ்-எஃப்.ஓ. சுற்றுகிறது. ஒன்றன்பின் ஒன்றாக ஏறக்குறைய 220 கி.மீ. இடைவெளியில் இரண்டு கோள்கள் போகும். கீழே எடை கூடுதலாக உள்ள இடம் வந்தால் முன்னே போகும் கோளை அது கொஞ்சம் முன்னால் இழுக்கும், இடைவெளி மாறும். அந்த மாற்றத்தை மைக்ரோமீட்டர் கணக்கில் அளந்து, மாதத்துக்கு ஒருமுறை பூமியின் எடைப் படத்தைத் தயாரிக்கிறார்கள். மழை பெய்து நீர் சேர்ந்தால் எடை கூடும், உறிஞ்சி எடுத்தால் குறையும்.

இந்தியாவில் இது செய்துகாட்டிய வேலை பெரிது. ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா பகுதியில் 2002 ஆகஸ்ட் முதல் 2008 அக்டோபர் வரை 109 கன கி.மீ. நிலத்தடி நீர் குறைந்துவிட்டது என்று 2009இல் வெளியான ஆய்வு இதை வைத்துத்தான் சொன்னது. நம் கணக்கில் சுமார் 3,850 டி.எம்.சி. பவானிசாகர் முழுக் கொள்ளளவே 32.8 டி.எம்.சி. என்பதை வைத்துப் பாருங்கள், நூறு பவானிசாகருக்கும் மேல்.

அப்படியானால் பல்லடத்துக்கும் பார்த்துச் சொல்லலாமே என்றால், முடியாது. கிரேஸுக்கு ஒரு புள்ளி என்பது குறுக்கே 300 கி.மீ.க்கும் மேல். காவிரி வடிநிலம் முழுவதும் சேர்ந்தே 81,155 சதுர கி.மீ.தான். கோவை, திருப்பூர், ஈரோடு மூன்று மாவட்டத்தையும் கூட்டினால் ஏறக்குறைய 15,600 சதுர கி.மீ. நமக்குக் கிடைக்கும் அந்த ஒரு புள்ளியில் மைசூர்ப் பக்கமும் கேரளத்து மலைச்சரிவும் கலந்திருக்கும். ஆடி மாதத்தில் வயநாட்டில் கொட்டினால் புள்ளியின் எடை ஏறும். அதே நாளில் பொங்கலூரில் போர் வறண்டு கிடக்கும். அதனால் தாலுகா வாரியாக நிறம் தீட்டி "கிரேஸ் நிலத்தடி நீர் வரைபடம்" என்று யாராவது காட்டினால், இடையில் என்னென்ன தரவு சேர்த்து அந்த அளவுக்கு இறக்கினார்கள் என்று கேளுங்கள். பதில் சரியாக வராவிட்டால் அந்தப் படத்தை வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

இன்னொன்று, நம் நிலம் பாறை நிலம். பஞ்சாபில் மணல் படுகையில் நீர் பரவி நிற்கிறது. இங்கே மேலே சிதைந்த பாறை, அதற்குக் கீழே வெடிப்புகள். ஒரு தோட்டத்தில் 600 அடியில் தண்ணீர் பீய்ச்சும், வரப்புத் தாண்டினால் 1,000 அடி போட்டும் புகைதான் வரும். இந்த வித்தியாசத்தை எந்தக் கோளும் சொல்லாது.

ஸ்வாட்: பெரிய நீருக்கு

2022 டிசம்பர் 16 அன்று ஏவப்பட்டது. நாசாவும் பிரெஞ்சு விண்வெளி மையமும் சேர்ந்து செய்தது. நீர்மட்டத்தின் உயரத்தையே அளப்பது இதன் சிறப்பு. 10 மீட்டர் இடைவெளியில் இரண்டு ரேடார் ஆன்டெனா. இரு பக்கமும் 50 கி.மீ. அகலத்துக்குப் பார்க்கும். 21 நாள் சுற்று. 250 மீட்டருக்கு 250 மீட்டர், அதாவது சுமார் 15 ஏக்கருக்குக் குறையாத ஏரிகளும், 100 மீட்டருக்குக் குறையாத அகலமுள்ள ஆறுகளும் இதன் இலக்கு.

கொடுமுடிப் பக்கம் காவிரிக்குச் சரி. மேட்டூர், பவானிசாகர், அமராவதி அணைகளுக்கும் சரி. நொய்யலுக்குப் பெரும்பாலும் ஆகாது. ஊர்க்குட்டை என்றால் 15 ஏக்கர் எங்கே இருக்கப்போகிறது? அணைகளின் மட்டத்தையோ நீர்வளத் துறை தினமும் அடிக் கணக்கில் அறிவிக்கிறது. பவானிசாகர் 105 அடியில் எவ்வளவு என்று காலைப் பேப்பரிலேயே பார்க்கலாம். மாநிலங்களுக்கு இடையே பங்கீட்டுப் பேச்சு நடக்கும்போது, இரு தரப்புக்கும் பொதுவான ஓர் அளவாக ஸ்வாட் வந்தால் நல்லது. குளக்குழு அதற்காக மெனக்கெட வேண்டாம்.

உண்மையான போட்டி: சென்டினல் ஒன்றா, இரண்டா?

இரண்டுமே ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் கோள்கள். படங்கள் இலவசம். ஒரு கட்டம் 10 மீட்டருக்கு 10 மீட்டர். ஒரு ஏக்கர் குட்டையே 40 கட்டம் வரும். அந்த அளவு நமக்குப் போதும்.

சென்டினல்-2 கேமரா. 2015இல் முதல் கோள் போனது, இரண்டு கோள் சேர்ந்து 5 நாளைக்கு ஒருமுறை வரும். நீர் அகச்சிவப்பு ஒளியை விழுங்கிவிடும், பச்சை ஒளியைக் கொஞ்சம் திருப்பும். இரண்டின் வித்தியாசத்தைக் கணக்கிட்டால் நீர் எங்கே என்பது பளிச்சென்று தெரிந்துவிடும். பார்ப்பவருக்கும் உடனே புரியும். கூட்டத்தில் நாலு பேருக்குக் காட்ட இதைவிடச் சிறந்தது கிடையாது. மாசி, பங்குனியில் குளம் வற்றுவதைப் பின்தொடர நான் இதைத்தான் எடுப்பேன்.

ஆனால் நமக்குத் தண்ணீர் வருவது எப்போது? தென்மேற்குப் பருவத்தில். மேற்கே அவலாஞ்சியில் கொட்டுவதுதான் குந்தா ஆற்றில் இறங்கி, பில்லூர் வழியாகப் பவானிசாகருக்கு வருகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. பெய்தது. பவானியில் உபரி ஓடி, குளங்களுக்கு நீர் ஏற்றும் மாதங்களும் அதை ஒட்டித்தான் வருகின்றன. அந்த நேரத்தில் நம் வானத்தில் மழை இருக்கிறதோ இல்லையோ, மேகம் இருக்கும். ஐந்து நாளைக்கு ஒருமுறை வந்தாலும் வாரக்கணக்கில் வெள்ளைப் படம்தான் கிடைக்கும்.

சென்டினல்-1 ரேடார். 2014இலிருந்து இருக்கிறது. ஒரு கோள் அதே பாதைக்கு 12 நாளில் திரும்ப வரும். மேகம் அதற்குத் தடையில்லை, இருட்டும் தடையில்லை. அனுப்பிய அலை அமைதியான நீரில் பட்டால் வேறு பக்கம் தெறித்துப் போய்விடும். திரும்பி வருவது குறைவு, அதனால் நீர் கறுப்பாக விழும். முதல் இடம் இதற்கு என்று சொன்னதற்குக் காரணம் இதுதான். நமக்குத் தேவையான மாதத்தில் தவறாமல் வருவது இது ஒன்றுதான்.

இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, கொங்கு நாட்டுக்கே உரிய சிக்கல். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்போம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்றை நம்பித்தான் உடுமலை, பல்லடம் பக்கமெல்லாம் காற்றாலை நிற்கிறது. அதே காற்று குளத்து நீரில் சிற்றலை கிளப்பும். சென்டினல்-1 ரேடாரின் அலைநீளம் 5.6 செ.மீ. அந்த அளவுச் சிற்றலை எழுந்தால் அலை திரும்பி வந்துவிடும், நீர் வெளுத்துத் தரை மாதிரித் தெரியும். நிறைந்த குளத்தைக் காலிக் குளம் என்று எழுதிவிடுவோம். கரைக்கு ஒதுங்கிய மேற்கு ஓரம் கறுப்பாகவும் நடுக்குளம் வெளுப்பாகவும் இருந்தால் காற்றின் வேலை என்று சந்தேகப்படுங்கள்.

இதற்கு வழி உண்டு. இந்தக் கோள் கடப்பது காலை 6 மணி வாக்கிலும் மாலை 6 மணி வாக்கிலும். காலைப் படம் இருந்தால் அதையே எடுங்கள், காற்று பெரும்பாலும் அடங்கியிருக்கும். அப்புறம் ஒவ்வொரு படத்திலும் வி.வி. (நெடுக்காக அனுப்பி நெடுக்காகவே வாங்கிய அலை), வி.எச். (நெடுக்காக அனுப்பிக் கிடையாக வாங்கிய அலை) என்று இரண்டு பதிவு இருக்கும். வி.எச். பதிவு காற்றுக்கு அவ்வளவாக ஏமாறாது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரும்பாலான குழப்பம் தீர்ந்துவிடும்.

இரண்டு கோளையும் ஒருசேர ஏமாற்றுவது ஆகாயத்தாமரை. சாக்கடை கலக்கும் குளங்களில் அது மூடிக்கிடந்தால் கேமராவுக்குப் பச்சை வயல், ரேடாருக்குக் கரடுமுரடான தரை. படத்தை வைத்து "குளம் பாதியாகச் சுருங்கிவிட்டது" என்று சொன்னால், கரையில் நிற்பவர் சிரிப்பார். கீழ்பவானி ஆயக்கட்டில் இதற்கு நேர்மாறான தவறு நடக்கும். நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயல் ரேடாரில் அசல் குளம் மாதிரியே கறுப்பாக விழும். ஆகவே குளத்தின் எல்லையைக் கரையோடு சேர்த்துக் கையால் வரைந்து வைத்துக்கொண்டு, அதற்குள் மட்டும் எண்ணுவதே சரி. கணினியே குளத்தைக் கண்டுபிடிக்கட்டும் என்று விடுவது நம் ஊருக்கு ஒத்துவராது.

அடுத்து ஆழம். படம் தருவது பரப்பை மட்டும். கோடையில் வண்டல் அள்ளிய குளம் அதே பரப்புக்கு முன்னைவிட அதிக நீரைப் பிடிக்கும். படத்தில் ஒரு வித்தியாசமும் தெரியாது. தூர்வாரிய பிறகு ஒருமுறை ஆழம் அளந்து வைத்தால்தான் பரப்பிலிருந்து கொள்ளளவுக்குப் போக முடியும்.

ஆக்கிரமிப்பு வழக்குக்கு ஆதாரம் வேண்டும் என்றால் மட்டும் லேண்ட்சாட் என்கிற பழைய அமெரிக்கக் கோள் வரிசையின் பக்கம் போங்கள். கட்டம் 30 மீட்டர்தான், ஆனால் 1984இலிருந்து அந்த அளவில் படங்கள் இருக்கின்றன. இன்று பிளாட் போட்ட இடத்தில் நாற்பது வருடத்துக்கு முன் நீர் நின்றதைக் காட்ட வேறு சாட்சி கிடைக்காது.

வாய்க்கால் கசிவு

கீழ்பவானி வாய்க்கால் 200 கி.மீ. நீளம், 2.07 லட்சம் ஏக்கர் பாசனம். அதற்குக் கான்கிரீட் போடும் வேலை வந்தபோது ஊர் இரண்டாகப் பிரிந்தது. கடைமடைக்குத் தண்ணீர் சேர வேண்டும் என்பது ஒரு பக்கம். கசிவுநீரை நம்பித்தான் கிணறுகளும் கீழே உள்ள குட்டைகளும் இருக்கின்றன என்பது மறுபக்கம். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் அளவு வேண்டும் என்று நினைக்கிறேன்.

செயற்கைக்கோள் இதில் பாதி தூரம் வரும். வாய்க்கால் அடைத்த மாதங்களில் எந்தத் தோட்டம் பச்சையாக இருக்கிறது என்று சென்டினல்-2 காட்டும். வாய்க்காலின் மேல்பக்கத்தையும் கீழ்பக்கத்தையும் ஒப்பிட்டால் ஒரு தடயம் கிடைக்கும். லேண்ட்சாட்டின் வெப்பப் பதிவை வைத்துப் பயிர் எவ்வளவு நீரை ஆவியாக்குகிறது என்றும் மதிப்பிடலாம். ஆனால் அந்தப் பச்சைக்கு நீர் கசிவிலிருந்து வந்ததா, 800 அடி போரிலிருந்து வந்ததா என்பது படத்தில் இல்லை. கிணற்றில் நாடா இறக்கி, வாய்க்கால் ஓடும்போது ஒரு மட்டம், அடைத்த பிறகு ஒரு மட்டம் என்று எழுதினால்தான் தெரியும். ஒரு கிலோமீட்டருக்குள் பத்துக் கிணறு அளந்தால் எந்தக் கோளும் தராத பதிலை அது தந்துவிடும்.

நிசார் வந்திருக்கிறது

2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து ஏவிய நிசார் எனக்கு நிறைய நம்பிக்கை தருகிறது. 12 நாள் சுற்று, 12 மீட்டர் விட்டமுள்ள ஆன்டெனா, இரண்டு ரேடார். அதில் நாசாவின் எல்-பேண்ட் என்கிற நீள அலை ரேடாரின் அலைநீளம் சுமார் 24 செ.மீ. இலை, கிளையைத் தாண்டி உள்ளே போகும். நம் குளங்களில் சீமைக்கருவேலம் காடாக நிற்கிறது. அதன் அடியில் நீர் நின்றால் சென்டினல்-1க்கு வெறும் மரம்தான் தெரியும். நிசாரில் அலை நீரில் பட்டு, தண்டில் பட்டுத் திரும்பி, அந்த இடம் பளிச்சென்று வெளுக்கும். அதாவது நீர் கறுப்பு என்கிற கணக்கு இங்கே தலைகீழ், பழகிய கண் இதில் இடறும். மண் ஈரத்தையும் 200 மீட்டர் அளவில் தரப்போகிறார்கள். மண் ஈரம் பார்க்கும் ஸ்மேப் என்கிற கோள் நேரடியாக அளப்பது சுமார் 36 கி.மீ. கட்டத்தில், மானாவாரிக் காட்டுக்கு அதனால் பயனில்லை. சோளம் விதைக்கலாமா என்று பார்க்க 200 மீட்டர் உதவும்.

இந்தப் பருவத்துக்கு ஒரு குளக்குழு செய்யக்கூடியது இவ்வளவுதான்: சென்டினல்-1 உங்கள் ஊரைக் கடக்கும் தேதிகளை முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். அன்று காலை யாரும் மோட்டார் போடும் முன் குளத்தை ஒட்டிய இரண்டு மூன்று கிணறுகளில் மட்டம் அளந்து, கரையில் நின்று ஒரு போட்டோ எடுத்து, ஆகாயத்தாமரை எவ்வளவு மூடியிருக்கிறது, காற்று எப்படி என்று ஒரு வரி எழுதி வையுங்கள்.