எட்டுக் கிலோமீட்டர் என்று விற்கப்பட்ட காட்டுச் சுற்றுப்பாதை: ஓர் எச்சரிக்கை

காட்டுச் சுற்றுப்பாதை ஒன்றில் ஒரு பகல் நடைப்பயணத்தை வழிகாட்டியுடன் ஏற்பாடு செய்து தருவதாக விளம்பரம் செய்து முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்ட ஒரு நிறுவனம், தொலைவு, ஏற்றம், நேரம் ஆகிய மூன்றையும் குறைத்துச் சொல்லி, பாதையை முன்பின் நடந்திராத ஒருவரை வழிகாட்டியாக அனுப்பி, எங்கள் குழுவை இருட்டில் காட்டுக்குள் தடுமாற வைத்தது. கட்டணத்தைத் திருப்பிக் கேட்டு நான் வங்கியிடம் கொடுத்த முறையீடு இன்னும் நிலுவையில் இருப்பதால் அதன் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. எனினும் அவர்கள் ஏமாற்றிய விதத்தை விரிவாக எழுதுகிறேன். வேறு பெயரில் வேறொருவரும் இதையே செய்ய முடியும்.

எட்டுக் கிலோமீட்டர் தொலைவு, 160 மீட்டர் உயர வேறுபாடு, மூன்று மணி நேர நடை, முதியவர்களுக்கும் ஏற்ற எளிய பாதை, அனுபவமுள்ள வழிகாட்டி என்பவை விளம்பரத்தில் இருந்தவை. என் கைக்கடிகாரம் பதிவு செய்த தொலைவு 13 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். அடர்ந்த மரங்களுக்கு அடியில் செயற்கைக்கோள் சமிக்ஞை சிதறுவதால் பதிவாகும் தடம் அங்குமிங்கும் அலைந்து தொலைவை ஓரளவு மிகைப்படுத்தக்கூடும் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பிழை ஐந்து கிலோமீட்டர் அளவுக்கு வராது, உடன் வந்த மற்றவர்களின் கருவிகளும் ஏறத்தாழ அதே அளவைத்தான் காட்டின.

தொலைவைக் காட்டிலும் உயரத்தில்தான் அவர்களின் சாமர்த்தியம் தெரிந்தது. 160 மீட்டர் என்பது பாதையின் மிக உயர்ந்த இடத்துக்கும் மிகத் தாழ்ந்த இடத்துக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே. அந்த எண் பொய்யன்று என்பதால் அதை வைத்து அவர்களைப் பிடிக்கவும் முடியாது. ஆனால் சுற்றுப்பாதை புறப்பட்ட இடத்திலேயே முடிவது. இடையில் எத்தனை முறை இறங்கி எத்தனை முறை ஏறுகிறோம் என்பதைப் பொறுத்தே கால்களின் உழைப்பு அமைகிறது. இந்தப் பாதை ஓடைகளுக்கு இறங்கி, மறுகரையில் ஏறி, மீண்டும் இறங்கிச் செல்வதால், ஏற்றங்களை மட்டும் கூட்டினால் 640 மீட்டர் வருகிறது. ஒரு பாதையை விற்பவர் மொத்த ஏற்றத்தைச் சொல்லாமல் உயர வேறுபாட்டை மட்டும் சொன்னால், அங்கேயே நிறுத்தி விளக்கம் கேட்க வேண்டும்.

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மலையேற்ற வீரர் வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் வகுத்த கணக்கு ஒன்று இன்றும் பயன்பாட்டில் உள்ளது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அத்துடன் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் மேலும் ஒரு மணி நேரம். இதன்படி எங்கள் பாதைக்கு மூன்று மணி நாற்பது நிமிடம் ஆகும். அதுவும் நல்ல உடற்கட்டு உள்ளவர் ஓய்வெடுக்காமல் நடந்தால்தான். வேரும் வழுக்கும் பாறையும் நிறைந்த தடத்தில், வெவ்வேறு வயதினர் அடங்கிய குழு, உணவுக்கும் ஓய்வுக்கும் நின்று நடந்தால் ஆறு மணி நேரத்தை ஒதுக்குவதே நியாயம். நிறுவனமோ மூன்று மணி நேரத்தை நம்பிப் புறப்பாட்டையே நண்பகலுக்குப் பிறகு வைத்திருந்தது. வழிகாட்டி அதற்கும் தாமதமாக வந்து சேர்ந்தார்.

வந்தவர் மரியாதையான இளைஞர். அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. முதல் கிளைப்பாதையிலேயே அவர் கைப்பேசியைப் பார்த்துத் திசை தேடியபோது, அவருக்கும் அந்த இடம் புதிது என்பது விளங்கிவிட்டது. அவரிடம் இருந்தது எங்களுக்கும் முந்தைய நாள் மாலையில் அனுப்பப்பட்ட அதே ஜிபிஎக்ஸ் கோப்புதான், அதாவது பாதையை வரிசையான இடப்புள்ளிகளாகச் சேமிக்கும் தடக் கோப்பு. அதை நான் வீட்டுக்கு வந்த பிறகு திறந்து ஆராய்ந்தேன். நடந்து பதிவு செய்த கோப்பில் புள்ளிகள் நெருக்கமாகவும், ஒவ்வொன்றிலும் நேரக் குறிப்புடனும் இருப்பது வழக்கம். தனியுரிமைக்காக நேரத்தை நீக்குவோரும் உண்டு என்பதால் அது இல்லாததை மட்டும் வைத்து முடிவு செய்துவிட முடியாது. இந்தக் கோப்பிலோ நேரமும் இல்லை, புள்ளிகளும் வெகுதொலைவுக்கு ஒன்றாகவே இருந்தன. செங்குத்தான சரிவில் உண்மையான தடம் வளைந்து வளைந்து ஏறும் இடத்தில், கோப்பின் கோடு, வரைபடத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகளை நேராக வெட்டிக்கொண்டு சென்றது. மேசையில் அமர்ந்து வரைபடத்தின்மீது இழுத்த கோடு அது. வளைவுகள் மறைந்ததால்தான் 13 கிலோமீட்டர் எட்டாகச் சுருங்கியது.

பாதி வழியைக் கடந்த பின் வந்த ஓடையில், திட்டத்தில் குறிப்பிட்டிருந்த நடைப்பாலம் இல்லை. இருபுறத் தாங்கு கற்கள் மட்டும் நின்றன. சென்ற வழியே திரும்பும் பாதையில் எந்த இடத்தில் திரும்பினாலும் முன்னால் இருப்பது தெரிந்த வழி. சுற்றுப்பாதையில் பாதியைத் தாண்டிவிட்டால் பின்வாங்குவது முன்செல்வதைவிட நீளமாகிவிடும், முன்னால் இருப்பதோ யாரும் பார்த்திராத வழி. எந்த நேரத்துக்குள் எந்த இடத்தை அடையாவிட்டால் திரும்ப வேண்டும் என்பதை முன்னரே முடிவு செய்வது வழிகாட்டியின் வேலை. அப்படி எதுவும் முடிவு செய்யப்படவில்லை. முழங்கால் அளவு நீரில் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு கடந்தோம்.

அதன் பிறகு வழிகாட்டி பதற்றத்தில் வேகமாக முன்னே போய்விட்டார், கடைசியில் வருபவர்களைக் கவனிக்க ஆள் இல்லை. மூத்த தம்பதியர் ஒரு கிளைப்பாதையில் தவறான பக்கம் திரும்பி, நாங்கள் கூப்பிட்ட குரல் கேட்டுத் திரும்பி வந்தனர். சூரியன் மறையும் நேரம் திறந்த அடிவானத்துக்கான கணக்கு. பள்ளத்தாக்கில் மரக்கூரையின் கீழ் அதற்கு வெகு முன்பே கால் வைக்கும் இடம் தெரியாமல் போகும். தலைவிளக்குத் தேவை என்று நிறுவனம் யாரிடமும் சொல்லவில்லை. வழிகாட்டியிடமும் விளக்கு இல்லை, முதலுதவிப் பெட்டியும் இல்லை. பங்கேற்பாளர் இருவர் கொண்டுவந்திருந்த விளக்குகளை முன்னும் பின்னுமாக வைத்துக்கொண்டு எல்லோரும் வெளியே வந்தோம்.

முறையீட்டுக்கு நிறுவனத்திடமிருந்து வந்த பதிலில், ஏற்பட்டவை இயற்கைச் சூழலால் நேர்ந்தவை என்றும், அடுத்த பயணத்தில் சலுகை தருவதாகவும் எழுதியிருந்தார்கள். பாலம் இல்லாதது நடந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நான் எழுதியதற்கு மறுமொழி இல்லை. ஆனால் விளம்பரத்தில் எட்டுக் கிலோமீட்டருக்கு முன்னால் "சுமார்" என்ற சொல் மட்டும் சேர்ந்திருக்கிறது.

ஆகவே, கட்டணம் செலுத்தும் முன்பே தடக் கோப்பைக் கேளுங்கள். தர மறுப்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். வரும் வழிகாட்டி அந்தப் பாதையைக் கடைசியாக எப்போது நடந்தார், குழுவின் பின்னால் யார் வருவார், மழைக்குப் பின் ஓடைகளை எங்கே கடப்பது, இடையில் வெளியேறக் குறுக்குவழி உண்டா என்பவற்றை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எழுத்தில் இருந்த விளம்பரப் படங்களை நான் சேமித்து வைத்திருந்ததால்தான் இப்போது என் முறையீட்டை வங்கி ஏற்று விசாரித்து வருகிறது. முடிவு வந்ததும் இதே பதிவில் சேர்க்கிறேன்.